பெயர் மறைத்த கட்டுரை

மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில் எங்கள் அறையே தண்ணீருக்குள் கிடப்பது போலிருந்தது. நான் சோபாவில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். கணவர் மடிக்கணினியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். நாங்கள் இருவருமே உள்ளாட்சி நிர்வாகம் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர்கள், வெவ்வேறு பல்கலைக்கழகங்களில்.

"என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மதிப்பீடு செஞ்ச ஆள் என்ன எழுதியிருக்கான் பாரு: 'இவர் ஒரு வார்டு அலுவலகத்து பெஞ்சில் ஒரு நாளாவது காத்திருந்ததுண்டா?'"

தூக்கம் போன இடம் தெரியவில்லை. அது என் வாக்கியம். எழுதியவர் பெயரை மறைத்து ஆய்விதழ் ஒன்று போன மாதம் எனக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பிய கட்டுரையை நான்தான் வறுத்தெடுத்திருந்தேன். பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது யார் எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. நானெல்லாம் என்னத்தைப் படித்துக் கிழித்தேனோ!

ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது.

"ரொம்பக் கோபமா இருக்கா?" என்றேன்.

"இல்ல. ஒரு வரி விடாம படிச்சிருக்கான். நான் சொல்றத யாரும் இவ்வளவு கவனமா கேட்டதே இல்ல," என்றார். "யாருன்னு தெரிஞ்சா, ஒரு தடவையாவது உக்காந்து பேசணும் போல இருக்கு."