புதைத்து வைத்த இரும்புமுளைகள்

கீழ்வானம் வெளுத்து, மரமுடிகளில் படிந்திருந்த பனி மெல்ல விலகி, பறவைகள் இரைதேடிப் புறப்பட்ட காலை வேளையில், மலைக்காட்டை அளந்து மதிப்பிடும் பணி பூண்ட மங்கை தன் தமையனுடன் மலைச்சரிவில் ஏறினாள். அவன் மரம் வெட்டக் குத்தகை எடுத்தவன். அவளோ, வெட்டுவதற்கு வளர்வது ஈடுகொடுக்குமா என்று ஆராய்ந்து, வரும் பத்தாண்டுத் திட்டம் தகும், தகாது என்று உரைப்பவள். "அண்ணனுக்குத் தங்கையே நடுவரா?" என்று நகைத்தவர்களிடம், தன் அளவுகோல் எவருக்கும் வளையாது என்று தலைநிமிர்ந்து கூறியிருந்தாள்.

கற்றறிந்தவர்களே, காடு முழுவதையும் அளத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே ஆங்காங்கே மாதிரிக் கட்டங்கள் குறித்து, மூலைகளில் இரும்புமுளைகளை மண்ணுள் புதைப்பது அத்தொழிலின் வழக்கம். இடம் தெரிந்தால் வெட்டுவோன் அவற்றை மட்டும் காத்துவிடுவான் அன்றோ? முன்னொரு மழைக்காலத்தில் கால் சுளுக்கித் தவித்த அவளைத் தமையன் முதுகில் சுமந்து கட்டந்தோறும் நடந்தான். அவளையன்றி அவனுக்கு மட்டுமே அவ்விடங்கள் தெரியும்.

அன்று அளந்த கட்டங்களிலெல்லாம் முதுமரங்கள் ஓங்கி நிற்க, இளங்கன்றுகள் அடர்ந்திருந்தன. உள்ளங்குளிர்ந்த அவள், புதிதாக ஒரு கட்டம் குறிக்க எண்ணி, வழியை விட்டு விலகினாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்மா. வெறும் முள்ளு" என்றான் அவன்.

அவள் நில்லாது நடந்தாள். புதர்த்திரைக்கு அப்பால் சரிவு முழுதும் அடிக்கட்டைகளே நின்றன. மேல்மண் கரைந்தோடிப் பாறை தெரிந்தது. அவள் நெஞ்சு வெந்தது.

"நான் காட்டின இடத்தை மட்டும் விட்டுட்டு, மிச்சத்தை வழிச்சிட்டியே அண்ணா."

"உன் பேரு கெடக்கூடாதுன்னுதான் அதையாவது விட்டு வச்சேன்."

"என்னைச் சுமந்தப்பவே மனசுல குறிச்சுக்கிட்டியா?"

அவன் பாறையின் பக்கம் முகம் திருப்பினான். அவள் அளவுக் குறிப்பேட்டை மூடினாள்.

"திட்டம் தகாதுன்னு சொல்லப்போறேன். இடம் எப்படி வெளிய போச்சுன்னும் சொல்லுவேன்."

"உன் வேலையே போயிடும்மா."

"போகட்டும்."

பகைவன் வெட்டிய மரம் மீண்டும் துளிர்ப்பதுண்டு; உற்றவன் வெட்டிய நம்பிக்கை துளிர்ப்பது அரிது. இறங்கும் வழியில் அவள் கால் இடறி விழுந்தாள். தமையன் விரைந்து கைநீட்டினான். அவள் அருகிருந்த அடிக்கட்டையைப் பற்றி எழுந்து, தனியே நடந்தாள்.