ஓக்ரான் பார்லரில் விழுந்த ஓட்டுகள்

குன்சான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், மீன் மார்க்கெட்டைத் தாண்டியதும் வருகிற பியூட்டி பார்லர் ஓக்ரானுடையது. அந்த டிசம்பரில் அங்கே தலையைக் கொடுக்கப் போனவர்கள் எல்லோரும் போனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தலை நிறைய கர்லர் சுற்றி, மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி உட்கார வைத்த பிறகு ஒரு பெண்பிள்ளை எங்கே எழுந்து ஓடுவாள்? அந்த நேரம் பார்த்து ஓக்ரான் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டுவாள். கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம் என்பதால் பாதிப் பேர் விரலில் மிளகாய் விழுது காயாமல் இருக்கும். விரல் வைத்தால் போன் திறக்காது. ஓக்ரானே ஈரத்துணியால் விரலைத் துடைத்து, போனைத் திறக்க வைத்து, ஓட்டைப் போடுவாள்.

சியோலில் ஒரு இசை இணையதளம் வருஷா வருஷம் ஆண்டின் சிறந்த தனிப் பாடகிகள் என்று பட்டியல் போடும். ஓட்டுப் போடுவது ஜனங்கள். ஒரு போனுக்கு நாளுக்கு ஓர் ஓட்டு. முதல் பத்து இடத்துக்குள் வருகிறவர்களுக்கு வருஷக் கடைசி மேடையில் ஆளுக்கொரு பாட்டு, நாடு முழுக்க டிவியில். ஓக்ரானின் மகள் ஹேமி அந்தப் பட்டியலில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அந்த ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

ஓட்டுப் போட்டவர்களுக்குத் தலை மசாஜ் இலவசம் என்று அவள் அறிவித்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. அரிசிக் கேக் கடை கில்தோ தினமும் வந்தார். அவர் தலையில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, நாட்டில் தேர்தல் எல்லாம் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பார்.

இவ்வளவும் செய்தவள், மகளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் ஓக்ரான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஹேமி முடிவெட்டும் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு சியோலுக்குப் பெட்டியைக் கட்டியபோது, "பாட்டுப் பாடி என்னத்தக் கிழிக்கப் போற? கத்திரி பிடிச்சாலாவது சோறு வரும்," என்று வாசலில் நின்று கத்தியவள் இவள்தான். பெண் பஸ் ஏறினாள். வருஷக்கணக்காகப் பயிற்சி, பிறகு ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு குழு, அந்தக் குழுவின் பெயர் யார் வாயிலும் நுழைவதற்குள் அது கலைந்தும் போயிற்று. இந்த வசந்தத்தில்தான் தனியாக ஒரு பாட்டு வந்தது. மெதுவான பாட்டு, விளம்பரம் இல்லை, ஆட்டம் இல்லை. அது தன் பாட்டுக்கு நகர்ந்து நகர்ந்து மேலே வந்துவிட்டது. ஆனால் சொன்ன வாயை ஓக்ரான் எப்படி மாற்றிக்கொள்வாள்? பிடிவாதத்தில் அவள் பாறை.

கடையில் எந்நேரமும் பாட்டு ஓடும். அது ஹேமியின் பாட்டு இல்லை, ஈசோலின் பாட்டு. பட்டியலில் முதல் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் அந்த ஈசோல். ஹேமியின் பாட்டை ஓக்ரான் ஒரே ஒரு தடவை கடையில் போட்டாள். அன்றைக்கு மீன் மார்க்கெட் அம்மாள் ஒருத்திக்குக் காதோர முடியில் வெட்டு ஆழமாக விழுந்து, இதுதான் இப்போது புது ஸ்டைல் என்று சாதித்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதோடு அந்தப் பாட்டை நிறுத்தினாள்.

ஓட்டு தொடங்குவதற்கு முன்னால், இலையுதிர் காலத்து அறுவடைத் திருநாளுக்கு ஹேமி வந்திருந்தாள். கடை ஓரமாக உட்கார்ந்து பேரிக்காய் நறுக்கிக்கொண்டே ஈசோலின் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். ஓக்ரான் சும்மா இருந்திருக்கலாம். "நல்லாப் பாடுறா இந்தப் பொண்ணு," என்று வேறு சொல்லிவைத்தாள். மகள் தட்டை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு, மறுநாள் போவதாக இருந்தவள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

பக்கத்து லாண்டரி பாங் அக்கா ஒருத்திதான் இதை முகத்துக்கு நேரே கேட்பாள். "ஊரெல்லாம் கையேந்தி ஓட்டு வாங்குற. பெத்த பொண்ணுகிட்ட நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வருதா உனக்கு?" ஓக்ரானுக்கு அப்போது மட்டும் காது கேட்காது. ஹேர் டிரையரைப் போட்டுவிடுவாள்.

ஓட்டு முடிவதற்கு முந்தின நாள் ஹேமி ஆறாவது இடத்துக்கு ஏறினாள். ஓக்ரான் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கிளிஞ்சல் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை பாங் அக்கா இஸ்திரியை அப்படியே வைத்துவிட்டுப் போனோடு ஓடிவந்தாள். இணையதளம் அறிவிப்புப் போட்டிருந்தது. குன்சானில் ஒரே ஒரு இணைய இணைப்பிலிருந்து ஒரு பாடகிக்கு மட்டும் ஓட்டு மழையாகக் கொட்டியிருக்கிறது, இது ஆள் வைத்துச் செய்த மோசடி என்று சந்தேகிக்கிறோம், அந்த ஓட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டோம். ஹேமி பதினோராவது இடத்தில் இருந்தாள்.

கடையின் இலவச வைஃபை. போன்கள் ஆளுக்கொன்று, ஆட்களும் நிஜம். ஆனால் எல்லோருடைய ஓட்டும் போனது ஓக்ரானின் கண்ணாடிக்கு மேலே பச்சை விளக்கு சிமிட்டும் அந்த ஒரு பெட்டி வழியாக. நல்ல எண்ணத்தோடு சொந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு குழியை வெட்ட ஓக்ரானால்தான் முடியும்.

அறிவிப்புக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் பாங் அக்கா வாசிக்க வாசிக்க ஓக்ரான் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டு ஃபாக்டரி நடத்துகிறார்கள் என்றார்கள். விளம்பரம் இல்லாமல் அந்தப் பாட்டு எப்படி மேலே வந்தது என்று இப்போது புரிகிறது என்றார்கள். ஹேமியின் பாட்டுக் கம்பெனி தங்களுக்கு எதுவும் தெரியாது என்றது, அதை யாரும் நம்பவில்லை. வசந்தத்திலிருந்து சம்பாதித்த பெயர் ஒரு காலையில் கரியாகிக்கொண்டிருந்தது.

பேசாமல் இரு, ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று கில்தோ சொன்னார். ஓக்ரானுக்கும் அது வசதியாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால் ஹேமிக்குத் தெரிந்துவிடும். என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்ட அம்மா, மிளகாய் விரலைத் துடைத்துத் துடைத்து ஓட்டுச் சேர்த்தாள் என்று தெரிந்துவிடும். பெண்ணுக்கு வந்த கெட்ட பெயர் ஒரு பக்கம், தன் வீறாப்பு ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்ததற்கே அவளுக்குப் பிறகு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்க," என்றாள்.

கர்லர் சுற்றிய தலையோடு, பிளாஸ்டிக் தொப்பியோடு, பனிக்காற்றில் அத்தனை பேரும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். மசாஜ் வாங்கிய மீன் லாரி டிரைவர்களைப் போன் போட்டு வரவழைத்தார்கள். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கில்தோ முன்வரிசையில் வழுக்கை மின்ன நின்றார். பாங் அக்கா படம் எடுத்தாள். அதன் கீழே போடுவதற்கு ஓக்ரான் சொல்லச் சொல்லப் பாங் அக்காவே எழுதி, அந்த இணையதளத்தில் ஏற்றினாள்: "நீங்கள் தேடும் ஃபாக்டரி இதுதான். ஓட்டுப் போட்டவர்கள் இவர்கள். போட வைத்தவள் நான். ஹேமிக்கு எதுவும் தெரியாது. நான் அவளுடைய அம்மா."

பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. காலையில் திட்டியவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலர் மன்னிப்பும் எழுதினார்கள். மோசடி இல்லை என்று இணையதளமும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரே இணைப்பிலிருந்து அத்தனை ஓட்டு செல்லாது, விதி விதிதான் என்றது. ஹேமி பதினோராவதாகவே நின்றாள். ஓட்டும் முடிந்தது, மேடையும் போயிற்று.

மகளிடமிருந்து போன் வரவில்லை. ஓக்ரானும் போடவில்லை. ஒவ்வொரு முறை கடைப் போன் அடிக்கும்போதும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். எல்லாம் முடி சுருட்ட நேரம் கேட்பவர்கள்.

அந்தப் பத்துப் பேரும் சியோலில் மேடையேறப் போகிற நாளன்று, மத்தியானம், கதவைத் தள்ளிக்கொண்டு ஹேமி வந்தாள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நாற்காலியில் இருந்த பாங் அக்கா, அரைகுறைத் தலையோடு எழுந்து, துணியை இஸ்திரி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். ஹேமி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடையில் ஈசோல் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னால உன் மேடை போச்சு," என்றாள் ஓக்ரான், மகளின் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல்.

"ஆமா, போச்சு," என்றாள் ஹேமி. "அந்தப் படத்த நான் எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்லம்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. எனக்கு ஓட்டுக் கேட்டுட்டு, கடையில ஏன் இவ பாட்டயே போடுற?"

ஓக்ரான் சீப்பை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். ஹேர் டிரையர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை.

"உன் பாட்டு ஓடுனா எனக்குக் கை நடுங்குதுடி. கத்திரி பிடிக்கிற கை. யார் காதாவது போயிடும்."

ஹேமி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாட்டு ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் போனை எடுத்து ஈசோலை நிறுத்தினாள். தன் பாட்டைப் போட்டாள். கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்முடியை நெற்றிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வெட்டு. என் காதுதானே."

ஓக்ரான் வெட்டினாள். அந்த ஊரில் இருக்கிற பாதித் தலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சொந்தப் பெண்ணின் முன்முடியை ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி வைத்தாள். பாட்டு முடிந்தது. ஹேமி கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கும்மா."

"இருக்கட்டும்," என்றாள் ஓக்ரான். "அத இன்னொரு தடவ போடு."