வடக்கே போன புகை

சேந்தமங்கலத்தை அடுத்திருந்த அர்த்தநாரியின் சுண்ணாம்புக் காளவாயில், வேலையாட்களுக்கு வீடு கட்டப் பூஜை போட்டார்கள். சௌந்திரமும் சேலத்திலிருந்து வந்திருந்தாள். புகை அடிக்காத இடம் எதுவென்று சொன்னது அவள் எழுதிய புரோகிராம்தான். அது எண்பத்தேழாம் வருஷம். கம்ப்யூட்டர் சொன்னால் மறுபேச்சில்லை.

புகை எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகிறது என்று கோடை முழுக்கத் திசைகாட்டி வைத்துக் குறித்துக் கொடுத்திருந்தார் அர்த்தநாரி. சராசரி தெற்கு என்று வந்தது. அதனால் வீடுகள் வடக்கே.

கற்பூரம் அணைவதற்குள் புகை அவர்கள் மேலேயே வந்து கவிந்தது. கூலிக்கு வரும் மயிலம்மாள் இடுப்புக் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். "இங்கயா எங்களுக்கு ஊடு?"

சௌந்திரம் பொங்கல் இலையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் மனசுக்குள் கணக்குப் போட்டபடியே வந்தாள். வடக்கு என்பது பூஜ்யம் பாகை. அதிலிருந்து கொஞ்சம் மேற்கே ஒதுங்கினால் முந்நூற்றைம்பது பாகை. கொஞ்சம் கிழக்கே ஒதுங்கினால் பத்து. கூட்டி இரண்டால் வகுத்தால் நூற்றெண்பது. நேர் தெற்கு! புகை போனதோ வடக்கே.

ஆபீசுக்குள் நுழைந்ததும் திருத்தி எழுதினாள். ஒவ்வொரு நாள் புகையும் அதன் தூரத்தில் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு போயிருக்கிறது என்று பிரித்து, தனித்தனியாகக் கூட்டி, அந்தக் கூட்டல்களிலிருந்து திசையைக் கண்டுபிடிக்க வைத்தாள். வடக்கு, சற்றே கிழக்கு என்றது திரை.

"நாமளா போயிச் சொன்னாப் பேரு கெட்டுப்போயிருமுங்க. அவங்களே கேக்கட்டும்" என்றார் அவள் ஆபீஸ் முதலாளி குமாரசாமி.

ஒரு வாரத்துக்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை; காலையில் காளவாயில் போய் நின்றாள். கடைக்கால் எழும்பி, சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது.

அவள் விஷயத்தைச் சொன்னதும், "ஏனுங்கம்மிணி, கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமுங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"அது தப்புப் பண்ணலீங்க. நான் அதுக்குச் சொல்லிக்குடுத்த கணக்குத்தான் தப்புங்க."

அவர் முகம் சிவந்தது. "இப்ப செவுத்த இடிச்சா ஊரே சிரிக்குமுங்க!"

"இடிக்க வேண்டாங்க. சுண்ணாம்பு மூட்டை அடுக்கிக்கலாம். மனுசங்கள மட்டும் இங்க வெக்காதீங்க."

அவர் புகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கத்தினார். "கொத்தனாரே, நிறுத்துங்க! நாளைக்குத் தெக்கால கயிறு புடிக்கலாம்."

மயிலம்மாள் சிமெண்டுச் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். ஆனால் சௌந்திரத்துக்கு நிம்மதி வரவில்லை. இதே புரோகிராமை குமாரசாமி பரமத்தி வேலூர்ப் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றுக்கும் ஓட்டிக் கொடுத்திருந்தார். அங்கே எந்தப் பக்கம் வீடு கட்டினார்களோ?

மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் அதற்குள் ரோட்டுக்கு வந்து, நாமக்கல் போகும் பஸ்ஸை ஓடிப் பிடித்திருந்தாள்.

"வேலூருக்கு அங்கிருந்து உடனே வண்டி இருக்குங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டாள். உட்கார இடமிருந்தும் அவள் உட்காரவில்லை.