வழக்கமாக ஒரே அடுப்பில்

எதையும் விளக்காமல் விட எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி. பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், யாரைப் பார்த்து யார் நகர்ந்து இடம் விடுகிறார்கள் என்பதை வைத்துச் சமூக நெறி என்றால் என்ன என்று பக்கத்து ஆளிடம் ஆரம்பித்துவிடுவேன். அவர் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, மாநகராட்சி மோட்டார் எந்த வீட்டு வாசலுக்கு முதலில் வந்தது என்பதை வைத்து அதிகாரம் என்ற பாடத்தை ஒரே பீரியடில் முடித்தவள் நான்.

அப்படிப்பட்டவளுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்தால் எப்படி இருக்கும்? மற்ற ஆசிரியர்கள் வெயிலை நினைத்து முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். புத்தகத்தில் இருப்பதை வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்க்கலாமே!

பயிற்சி வகுப்பில்தான் அந்தக் கொண்டாட்டம் அடங்கியது. "குடும்பம்னா சொந்தபந்தம் இல்லை. வழக்கமா ஒண்ணா இருந்து, ஒரே சமையலறையில சமைச்சதைச் சாப்பிடறவங்க. உறவைக் கேட்காதீங்க, அடுப்பைக் கேளுங்க" என்றார் பயிற்சி அதிகாரி. இதே இலக்கணத்தை நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் பக்கம் திரும்பிப் பார்த்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் தம்பி உமேஷின் வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே உமேஷ், அவன் மனைவி கீதா, கல்லூரிக்குப் போகும் மகள் சின்மயி. அவர்கள் அடுப்பு கீழே, என் அடுப்பு மேலே. எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வரப்போவது எங்கள் பள்ளி ஜான்சி என்றும் அன்றே தெரிந்துவிட்டது. அவள் வந்து கேட்கும்போது உமேஷ் மூன்று பேர் என்பானா, நான்கு பேர் என்பானா? ஐம்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இதுவா கவலை என்று கேட்பீர்கள். எனக்கு இதுதான் கவலை. வேறு யாருடைய கணக்கிலும் நான் இல்லை.

இத்தனைக்கும் எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. முதல் கொரோனா வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சின்மயி அப்போது சின்னப் பெண், கீதாவுக்கு ஆஸ்துமா. நானே மாடி அறைக்குப் போனேன். உமேஷ் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் குட்டிக் குக்கரும் வாங்கிப் படியில் வைத்தான். பதினைந்தாம் நாள் எனக்கு உடம்பு சரியாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் ஜாக்கிரதையாக இருக்கலாம் என்றேன். அப்புறம் இரண்டாவது அலை. அதற்கப்புறம் யாரும் கீழே வா என்று கூப்பிடவில்லை, நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தற்காலிகமாக வந்த ஒன்று எப்படி ஏற்பாடாகி, ஏற்பாடு எப்படி வழக்கமாகிறது என்று வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நான் சொன்னதில்லை.

எனக்கு ஒதுக்கிய இடம் கோவிலம்பாக்கம். அங்கே முனிரத்தினம் என்று ஒருவர். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது மூன்று மாடி கட்டி, மாடிக்கு ஒரு மகனாகக் குடிவைத்திருக்கிறார். மூன்று தளத்திலும் ஏறி இறங்கி, மூன்று அடுப்பையும் பார்த்துவிட்டு, மூன்று குடும்பம் என்று போனில் இருந்த கணக்கெடுப்புச் செயலியில் பதியப் போனேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், அடுப்ப எண்ணிகினு கீறே? நாங்க ஒரே குடும்பம். சொத்தக்கூட இன்னும் பிரிக்கல."

"உங்க பாசத்தை நான் பிரிக்கலைங்க. கணக்குக்குத்தான்" என்று ஆரம்பித்தேன். விடுவேனா? ஒரு அறையில் தங்கிச் சேர்ந்து சமைக்கும் நாலு பேச்சுலர்கள் ஒரு குடும்பம், ஒரே கூரையில் தனித்தனியாகச் சமைக்கும் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நன்றாகப் புரிந்துகொண்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

"நாளிக்கு மத்தியானம் வா மேடம். ஒரே அடுப்பு காட்றேன்" என்றார்.

போனேன். வாசலில் செங்கல் அடுக்கி, விறகு மூட்டி, அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று மகன்களும் லீவு போட்டிருந்தார்கள். மருமகள்களில் ஒருத்தி அப்பளம் பொரிக்க, இன்னொருத்தி இலை போட, பதின்மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனிதர் ஜம்பமாக என்னைப் பார்த்தார். "இப்போ இன்னா சொல்றே?"

எனக்கும் ஒரு இலை போட்டார்கள். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மருமகள் உதயா, கேட்காமலேயே இரண்டாம் தடவை சாதம் வைத்துவிட்டு, "ஒல்லியா கீறீங்க மேடம், துன்னுங்க" என்றாள். என் தட்டைப் பார்த்து யாராவது எதையாவது சொல்லி எவ்வளவு நாளாயிற்று! சாம்பாரில் காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

கை கழுவிவிட்டு வந்து மூன்று என்றே பதிந்தேன். "இலக்கணத்தில் 'வழக்கமாக' என்று ஒரு சொல் இருக்கிறது, ஐயா. ஒரு நாள் விருந்து வழக்கம் ஆகாது" என்றேன். புத்தகத் தமிழில்தான் சொன்னேன். பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

முனிரத்தினம் கத்தவில்லை. ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார். "கூட குந்தி துன்ட்டு மூணுன்னு போட்ற பாரு. சரி போ. உன் வூட்ல எத்தினி அடுப்பு?"

"ரெண்டு."

"அப்போ நீ யார்கூட துன்றே?"

எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் செய்ததை நானும் செய்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜான்சி வருவதாக இருந்தாள். சனிக்கிழமை மதியம் குக்கரைத் தொடாமல், தலையை வாரிக்கொண்டு, சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இறங்கினேன். மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். வெண்டைக்காய்ப் பொரியல் வாசனை. கீதா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"வாங்கக்கா, வாங்க. ஏதாவது வேணுமா? மோட்டார் போடணுமா?"

"சும்மாதான் வந்தேன்."

"உட்காருங்க. காபி போடட்டுமா?"

மணி ஒன்றரைக்குக் காபி. சின்மயி தன் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுத் தட்டோடு சோபாவுக்குப் போனாள். மேஜையில் மூன்று நாற்காலிதான் இருந்தது. நாலாவது எப்போது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. "சாப்பிட்டாச்சா அக்கா?" என்று உமேஷ் கேட்டான். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இறங்கி வந்தேன். "ஆச்சு" என்றேன். அந்த நல்ல காபியைக் குடித்துவிட்டு மேலே வந்து, வெறும் வயிற்றோடு படுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜான்சி வந்தாள். நான் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"வழக்கமா இங்கே எத்தனை பேர் சார்?"

"மூணு பேர்" என்றான் உமேஷ். யோசிக்கக்கூட இல்லை. "அக்கா மேலே தனியா."

குரலில் எந்த வன்மமும் கிடையாது. தண்ணி லாரி எந்தக் கிழமை வரும் என்று கேட்டாலும் அதே குரலில்தான் சொல்வான். வன்மம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜான்சி மேலே வந்தாள். என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒற்றை அடுப்பு, ஒற்றைத் தட்டு, குட்டிக் குக்கர். நல்ல பெண், அவள் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "மேடம், இதுல என்ன இருக்கு? கீழேயே சேர்த்து நாலுன்னு போட்டுடறேன். யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்றாள்.

முனிரத்தினம் விருந்து போட்டும் நான் கொடுக்காததை இவள் சும்மா கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "கீழே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க" என்றேன். அவள் இறங்கினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீதாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "எங்களுக்கு ஒண்ணுமில்லை ஜான்சி. ஆனா அக்காவுக்கு அது பிடிக்காது. அவங்களுக்குத் தனியா இருக்கறதுதான் இஷ்டம். அப்போ உடம்பு சரியானதும் இறங்கி வந்துடுவாங்கன்னு நாங்க ரொம்ப நாள் தட்டு எடுத்து வச்சுப் பார்த்தோம். அவங்க வரவே இல்லை. நேத்துகூட சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாங்க. நான் பயந்துகிட்டே சாப்பாடுன்னு கேக்காம காபின்னு கேட்டேன். அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது பாருங்க."

பதினெட்டுப் படிதான். இறங்கிப் போய், "இல்லை கீதா, நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்று சொன்னால் முடிந்தது. நாற்பது பிள்ளைகள் முன்னால் மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. ஐந்து வருஷம் நான் தனியாக இருந்தது வீண் என்று அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமே! என் கௌரவம் காலைக் கட்டிப்போட்டது. படியேறி வரும் ஜான்சியின் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திறந்தாள்.

"தனியாவே போட்டுடுங்க, ஜான்சி. அதுதான் விதி" என்றேன்.

"குடும்பத் தலைவர் பேர் மேடம்?"

"திரிபுரசுந்தரி."

"வீட்டுல கல்யாணமான ஜோடி?"

"இல்லை."

"வழக்கமா இங்கே சாப்பிடறவங்க?"

"நான்தான்."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. தெரிந்தாலும் கேட்டுத்தான் பதிய வேண்டும். "எண்ணிக்கை சொல்லணும் மேடம்."

கீழே குக்கர் விசில் அடித்தது. கீதா ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

"ஒண்ணு" என்றேன்.