நிலைப்படியின் மூன்று சென்டிமீட்டர்

‘ஜூன் 14, ஞாயிறு. சமன்பாட்டில் பிழை இல்லை. புள்ளியை எடுத்ததில்தான் பிழை. முழுக்க என் தவறு.’

எழுதியதைப் படித்துவிட்டு ‘முழுக்க’ என்பதை அடித்தாள். பிறகு அடித்ததற்கு வெட்கப்பட்டு மறுபடி எழுதினாள். பகலில் மரக்கடையில் பலகைகளுக்கு அளவு குறிக்கும் வேலை, மாலையில் கணக்கு வகுப்பில் படிப்பு. இரண்டு இடத்திலும், மூன்று முறை சரிபார்க்காமல் பென்சிலைக் கீழே வைக்காதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயர்தான் இப்போது குத்தியது.

அம்மா சக்கர நாற்காலிக்கு வந்து ஐந்து மாதம். அதன்பின் வாசலைத் தாண்டவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் தினமும் வந்து பேசிவிட்டுப் போனாள். இரண்டு புள்ளிகள் வழியே போகும் நேர்கோட்டை வகுப்பில் நடத்திய அன்று, படியிலிருந்து கேட் வரை ஒரு சரிவுப்பலகை போட்டால் அம்மாவே அத்தை வீட்டுக்குப் போகலாமே என்று தோன்றியது. மறுநாள் அம்மா தூங்கும்போது, சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, வெளியே குந்தி அளந்தாள். படியின் உயரம் முப்பது சென்டிமீட்டர், கேட் வரை முந்நூற்று அறுபது. (0, 30), (360, 0). சாய்வு −1/12. y = −x/12 + 30. நூற்றிருபதாவது சென்டிமீட்டரில் உயரம் இருபது, இருநூற்று நாற்பதில் பத்து. அந்த இரண்டு இடத்திலும் பலகையைத் தாங்க முட்டுக்கட்டை. நடுப்புள்ளியைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்தது.

“என்னை ஒரு தரம் உக்கார வச்சுத் தள்ளிப் பாத்துட்டு அப்புறம் ஆணி அடிடி,” என்றாள் அம்மா.

“கணக்கு தப்பாதும்மா.”

“கணக்கா நாற்காலில உக்காரப் போகுது?”

சிரித்துக்கொண்டே ஆணி அடித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்று காலையிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் நிலைப்படி இருந்தது. வீட்டுத் தரையோடு ஒரே மட்டம், வெளிப்படியைவிட மூன்று சென்டிமீட்டர் உயரம். நாள்தோறும் அதைத் தாண்டிப் போன கால்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சக்கரத்துக்குத் தெரிந்தது. கேட்டருகே அத்தை கைதட்டிக்கொண்டு நிற்க, முன்சக்கரங்கள் தொப்பென்று இறங்கின. அம்மா முன்னால் சரிந்து கையை ஊன்றினாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

“எலும்புக்கு ஒண்ணும் ஆகல,” என்று சொல்லிக் கட்டுப்போட்ட அத்தை, “உனக்காக வீட்ட வேற பெருக்கி வச்சேன், வீணாப் போச்சு,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா திட்டவும் இல்லை. “எனக்கு ஜன்னலே போதும். அந்தப் பலகையக் கழட்டிடு.”

மாலையில் அவள் கதவை அகலத் திறந்து வைத்து, ஆணி பிடுங்க உட்கார்ந்தாள். முதல் ஆணியில் கை நின்றுவிட்டது. அளவு நாடாவை எடுத்தாள். ஒற்றை ஆளாகப் பிடிக்க, நாடா மறுமுனையில் நழுவிக்கொண்டே இருந்தது. பின்னால் சக்கரம் உருளும் சத்தம்.

“இப்படிக் குடு.” கட்டுப்போடாத கையால் அம்மா நாடாவின் நுனியை நிலைப்படியின் விளிம்பில் அழுத்திக்கொண்டாள். “நான் ஏறுவேன்னு சொல்லல. அளவு சரியா இருக்கட்டும்.”

முப்பத்து மூன்று. நாடா இருவருக்கும் நடுவே விறைப்பாக நின்றது.

‘நாளை: கடைக்குப் போகுமுன் இரண்டு முட்டுக்கட்டை அறுக்க வேண்டும். ஒன்று 22, ஒன்று 11. ஆணி அடிக்கக் கூடாது. முதலில் நானே நாற்காலியில் உட்கார்ந்து இறங்கிப் பார்க்க வேண்டும்.’