கழுவாத வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு செடியின் இலையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றுவாள். வெளிர் மஞ்சள் மெல்லப் பழுப்பாகும். கிருமிக்கு மருந்தாகும் என்று அவள் நம்பும் நானோ வெள்ளித் துகள் பிறந்துவிட்டது என்று அர்த்தம். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "டீ ஆறிப்போகுது, எடுத்துக் குடி" என்று கூட இருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அவள் தம்பி டைல்ஸ் ஒட்டுபவன். வேலையில் பாதத்தில் பட்ட காயம் சீழ்பிடித்து எலும்புவரை போய்விட்டது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அழுது தீர்த்தவன், ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டான். "முட்டி போட்டுச் செய்யற வேலைதானேக்கா. முட்டி இருந்தாப் போதும், பொழச்சுக்குவேன்."

அப்படியே விட்டிருக்கலாம். விட்டாளா? அவன் சீழிலிருந்தே கிருமியை எடுத்துத் தட்டில் வளர்த்து, நடுவில் குழிபோட்டுத் தன் பழுப்புக் கரைசலை விட்டாள். மறுநாள் குழியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வெறும் வட்டம். அங்கிருந்த கிருமி அத்தனையும் காலி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பி, "கொஞ்சம் பொறுடா, இப்போதைக்கு வெட்ட வேணாம்னு சொல்லிடு" என்றாள். அவன் அதை வார்டு முழுக்கக் காட்டிவிட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டான்.

இதில் அவள் ஒரு வேலையை விட்டுவிட்டிருந்தாள். துகள்களை இயந்திரத்தில் சுழலவைத்து, அடியில் படியவிட்டுக் கழுவ வேண்டும். துகளாக மாறாமல் மிச்சமிருக்கும் வெள்ளி அதில்தான் போகும். கழுவக் கழுவத் துகளும் குறைகிறதே என்று அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை விடாப்பிடியாகக் கேட்டதால்தான், கழுவிய துகளை ஒரு குழியிலும் இலையே சேராத வெள்ளி நைட்ரேட்டை இன்னொன்றிலும் விட்டுப் பார்த்தாள்.

இன்று காலை தட்டை எடுத்தாள். கழுவிய துகளை ஒட்டிக் கிருமி கொழுத்து வளர்ந்திருந்தது. வெறும் நைட்ரேட்டைச் சுற்றி அதே பழைய வட்டம். கிருமியைக் கொன்றது கழுவாமல் விட்ட அந்த மிச்ச வெள்ளிதான்; இலையும் ஒன்றும் செய்யவில்லை, இவளும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தம்பியின் காலில் ஆரம்பத்திலேயே தடவிப் பார்த்து, உள்ளே இறங்காமல் தோற்றுப்போன களிம்பிலும் இதே வெள்ளிதான். தட்டை மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"வாங்க டாக்டரம்மா, மருந்து ரெடியா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். அவள் தம்பியின் அருகில் உட்கார்ந்தாள். கெண்டைக்கால்வரை கறுத்து வீங்கியிருந்தது.

"வெட்டிடச் சொல்லுடா."

"அப்ப அந்த வட்டம்?"

"அது என் மருந்தில்லடா. உனக்கு மொதல்ல போட்டாங்களே களிம்பு, அதே சரக்கு. நாந்தான் சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்."

செய்தி போய் டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார். "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. ஆனா போன மாசம் மாதிரி இல்லப்பா. தொடையில எடுக்கணும். அதுக்கப்புறமும் பரவாதுன்னு என்னால சொல்ல முடியாது."

தம்பி டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"முட்டி இருக்காதாக்கா?"

நர்ஸ் பேனாவை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காகிதம் நகராமல் அக்காதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.