நஸ்தாசியாவின் வேலி

எவோன் ஆறு மணிக்கு எழுந்தான். மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டினான். ஆற்றில் இறங்கி, குறுக்கே நின்ற கம்பிவேலியில் சிக்கியிருந்த சுள்ளிகளை அகற்றினான். வேலியின் நடுவிலிருந்த சிறு கதவைத் தூக்கினான். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே போகப் போக, கையிலிருந்த எண்ணும் கருவியை ஒவ்வொரு தடவையும் அழுத்தினான். எல்லா நாளும் போலத்தான். பதினொரு மணிக்குத் தன் மனைவி நஸ்தாசியாவைப் புதைக்க வேண்டும். அது ஒன்றுதான் வேறு.

வேலி நஸ்தாசியாவுடையது. கஸ்கோக்விம் பேராற்றில் சேரும் இந்தக் கிளையாற்றில், முட்டையிடப் போகும் ராஜ சால்மன் மீன்களின் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தொடும்வரை ஊரில் யாரும் வலை போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் அடித்துப் பேசி விதி வாங்கியவள். சாவு விருந்துக்கு ஒன்று பிடிக்கச் சட்டம் விட்டிருந்தது. போன வருடம் சொந்த அத்தை செத்தபோது அதையும் வேண்டாம் என்றாள். ஊரே வெள்ளைமீன் சூப்பைக் குடித்துவிட்டு அவளைத் திட்டியது.

நேற்றுவரை இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

படகைக் கட்டிவிட்டு அவள் அண்ணன் வாசிலி தண்ணீரில் இறங்கி வந்தான். தோளில் கைவலை.

"ஒண்ணே ஒண்ணு, மாப்ள. மூணு ஊரு சனம் வருது. இவ சாவுலயே ராஜமீன் இல்லன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும், மச்சான்."

"சட்டமே விடுது. நீ என்ன சட்டத்துக்கு மாமனாரா?"

"உங்க அத்தைக்கு விட்டாளா?"

"அதனாலதான் அத்தை பொண்ணு இன்னிக்கும் என்கூடப் பேசறதில்ல!"

"இன்னிக்கு அவளும் பந்தியில உக்காருவா. இவளுக்கு மட்டும் புடிச்சா, நாளைக்கு யாரு இந்த வேலிய மதிப்பாங்க?"

பெரிய பெண்மீன் ஒன்று கதவுக்குள் வந்து நின்றது. வயிறு புடைத்திருந்தது. வாசிலி வலையைத் தாழ்த்தினான். எவோன் வலைக்கும் மீனுக்கும் நடுவே காலை அகட்டி நின்றான். மீன் வாலை ஒரு அடி அடித்துவிட்டு மேலே போனது. எவோன் கருவியை அழுத்தினான்.

வாசிலி வலையை உதறினான். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சாகறப்ப அவ கடைசியா என்னதான் சொன்னா? பாதிரியார் கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னியாமே."

இன்னொரு மீன் கடந்தது; எவோன் அதையும் எண்ணினான்.

"'அண்ணன் வலையோட வருவான். முதல்ல டீ குடு'ன்னா."